பியூலாவுக்கு எண்பது நிமிடம்

சிலிக்கான் தகடுகள் மூன்று வருடத்துக்கு மேல் கதிர்வீச்சைத் தாங்காததால், துகள்களை மோதவிடும் வளையத்தில் அவற்றுக்குப் பதிலாக எங்களை வேலைக்கு வைத்தார்கள். விளம்பரத்தில் இரண்டே தகுதிகள் கேட்டிருந்தார்கள். மேலே படுவதையெல்லாம் உணர வேண்டும். எதனாலும் கெட்டுப்போகக் கூடாது. விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

முதல் வருடம் பீரோ அளவு இடம் தந்தார்கள். பிறகு பிஸ்கட் டப்பா. இப்போது தீப்பெட்டி. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மடங்கி உட்கார்ந்தோம்.

வேலை எளிதுதான். நம்மைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ‘ம்’ கொட்ட வேண்டும். மேல்தளத்தில் அதை எழுதிக்கொள்வார்கள்.

பக்கத்துத் தீப்பெட்டியில் பியூலா. சில நாட்களாக அவளிடமிருந்து சத்தமே இல்லை.

“இப்ப ஒண்ணு போச்சே, தெரியலையா?”

“இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன அன்னைக்கும் இப்படித்தான் ஒண்ணும் தெரியல.”

மரத்துப்போனவர்களை ஈயப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். முந்நூறு வருடத்துக்குத் திறப்பதில்லை. அதனால் அவளுக்கும் சேர்த்து நானே ‘ம்’ கொட்டினேன்.

மூன்றாம் வாரம் பொறியாளர் தளவாய் இறங்கி வந்தார்.

“ஏம்மா, ரெண்டு பெட்டியிலயும் ஒரே குரல் கேக்குதே?”

“சளி பிடிச்சிருக்கு சார்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே சளியா?”

அவர் கையேட்டைப் புரட்டினார். மரத்துப்போனவர்களை எண்பது நிமிடம் சூட்டில் வைக்கலாம். ஒரு நிமிடம் கூடினாலும் அப்புறம் ஒருபோதும் உணர்வு வராது. பியூலாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேன்டீன் அடுப்படிக்குப் போனார். நான் துகள்களுக்கு ‘ம்’ கொட்டியபடியே நிமிடங்களையும் எண்ணினேன். பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிடுகிற மனிதர் அவர்.

எழுபத்தொன்பதில் காலடி கேட்டது. பியூலாவை அவள் தீப்பெட்டியில் திரும்ப வைத்தார்.

அடுத்த துகள் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

“ம்” என்றாள் பியூலா.

அன்று மாலைவரை, விட்டுப்போன துகள்களுக்கெல்லாம் வரிசையாக ‘ம்’ கொட்டினாள். கடைசியாக வந்த ‘ம்’ மட்டும் நீளமாக இருந்தது, நடுவில் கொஞ்சம் உடைந்தது.

“இது எதுக்கும்மா? கணக்குல எந்தத் துகளோடயும் சேரலையே” என்றார் தளவாய்.

“அது அவருக்கு சார்.”

புதுத் துகள் என்று பதிந்துகொண்டு, அதற்கு ஞானதுரை என்று அவள் கணவர் பெயரையே வைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஞானதுரை எங்களைத் துளைத்துப் போனார். முதலில் பியூலா ‘ம்’ கொட்டினாள். பிறகு நான்.