ஒப்புக்குக் கூப்பிட்டது

கூப்பிடுவது வேறு, கூட்டிக்கொண்டு போவது வேறு. தூத்துக்குடிப் பக்கம் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஆள் வந்தால், "வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லியே ஆக வேண்டும். வந்தவர், "இப்பதான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்று பொய் சொல்லியே ஆக வேண்டும். கூப்பிடாவிட்டால் வீட்டுக்காரர் மரியாதை கெட்டவர், கூப்பிட்டவுடனே உட்கார்ந்துவிட்டால் வந்தவர் மரியாதை கெட்டவர். இப்படி இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பொய் சொல்லித்தான் சொந்தபந்தமெல்லாம் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நம்பிக்கையில்தான் பிரையண்ட் நகர் முருகேஸ்வரி, தன் நாத்தனார் தங்கத்தாயைப் பாங்காக்குக்குக் கூப்பிட்டாள்.

பாங்காக் யோசனை மகள் சண்முகப்ரியாவுடையது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அப்பா, அம்மா கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, ஒரு நாலு நாள் வெளிநாடு பார்த்துவிட்டு வரலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பாத்திரக் கடையை மூடிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகவே முனகுகிற சங்கரபாண்டியன், என்ன நினைத்தாரோ, "சரி" என்றுவிட்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தாயும் மகளும் வீடியோ காலில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாள் ராஜாவின் அரண்மனை, தோள் மூடின துணி போட்டால்தான் உள்ளே விடுவான். அதற்குப் பக்கத்திலேயே படுத்த வாக்கில் தங்கமுலாம் புத்தர். மறுநாள் ஆற்றைத் தாண்டிக் கோபுரம் பார்க்கப் படகு. சாயங்காலம் பெரிய படகில் ஆற்றோடு போய்க்கொண்டே சாப்பாடு.

முருகேஸ்வரிக்கு மற்றதெல்லாம் எப்படியோ, அந்தச் சாயங்காலப் படகுதான் மனசில் நின்றது. அதற்கென்று ஒரு சுடிதார் வாங்கி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து சுடிதார் போட்டதில்லை. புதுப் பொண்ணாகக் குற்றாலம் போனபோதுகூட மாமியார், கொழுந்தன், நாத்தனார் என்று ஒரு வேன் நிறையத்தான் போனார்கள். அருவியில் குளித்து முடித்து எல்லாருக்கும் புளியோதரை பரிமாறினது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம். இந்தத் தடவையாவது யாருக்கும் பரிமாறாமல், புருஷன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஆறு பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. இதில் ஒரு குற்றமும் இல்லை.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. பொறவு அடுத்தாள் சொல்லித் தெரிஞ்சா சங்கடப்படுவா" என்றார் சங்கரபாண்டியன்.

தங்கத்தாய் அவருக்கு மூத்தவள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகுட்டியும் இல்லை. சாத்தான்குளத்தில் தோசைமாவு அரைத்து விற்கிறாள். பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், வாயில் எந்நேரமும் வெற்றிலை. முருகேஸ்வரி போனைப் போட்டு விஷயத்தைச் சொல்லி, வழக்கப்படி முடித்தாள்.

"நீங்களும் வாங்களேன் மயினி."

'எனக்கு எதுக்குளா அதெல்லாம், நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க' என்று அந்தப் பக்கம் சொல்ல வேண்டிய இடம் இது.

"வாரேன்ளா!" என்றாள் தங்கத்தாய்.

முருகேஸ்வரி இதை எதிர்பார்க்கவில்லை. "ஆங்... சந்தோசம் மயினி" என்று போனை வைத்தவள், அடுப்படியில் போய் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். என்ன மனுஷி இவள்! ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளா?

சரி, தானாகவே கழன்றுகொள்ளுவாள் என்று பார்த்தாள். பாஸ்போர்ட் வேண்டுமே என்று சொன்னாள். தங்கத்தாய் மாவுக் கடைக்கு லீவு விட்டு, ஆளைப் பிடித்து, அலைந்து பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "தம்பி பொஞ்சாதி கூப்பிட்டிருக்கா சார், மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்று பெருமை பேசி, காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த ஊரில் வெற்றிலை போட்டுத் துப்பினால் அபராதம் போடுவான் என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாரமே வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, "பல்லு வெளுத்துட்டுளா, நீ பாத்தா சிரிப்ப" என்று போனில் சிரித்தாள். நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்றதற்கு, கட்டுச் செருப்பு வாங்கித் தெருவில் நடந்து பழகினாள். ப்ரியா, "அத்தை வந்தா ஜாலிதான்" என்று அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாள்.

ஒவ்வொன்றாகத் தாண்டி அவள் கிட்டே வரவர, முருகேஸ்வரிக்குப் படகும் ஆறும் எட்டிப் போய்க்கொண்டிருந்தன. சுடிதாரை எடுத்துப் பார்த்தாள். இதைப் போட்டுக்கொண்டு மயினிக்கு முன்னால் நிற்கவா? ஆற்று நடுவில் அவள் உரக்கக் கூப்பிட்டு, "ஏளா முருகேசு, என்ன கோலம்ளா இது?" என்று கேட்டால் படகில் இருக்கிற வெள்ளைக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பானே!

அப்போது பார்த்துத்தான் அந்தப் புத்தி வந்தது. பாங்காக்கில் நம்ம ஆட்கள் கட்டின மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது என்று ப்ரியா சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மயினி, ஒரு விசயம் சொல்ல மறந்துட்டேன். அங்கன மாரியம்மன் சந்நிதியில வச்சு, தாலி பிரிச்சுக் கோக்கதா நேந்திருக்கேன். இருபத்தஞ்சு வருசமாச்சுல்லா..."

அவ்வளவுதான் சொன்னாள். மேற்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. தாலி என்கிற இடத்தில் புருஷன் இல்லாதவள் தானாகவே ஒதுங்கி நிற்பாள் என்பது சொல்பவளுக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரியும்.

இத்தனை வருஷத்தில் தங்கத்தாயின் சத்தம் குறைந்து அன்றுதான் முருகேஸ்வரி கேட்டாள்.

"அது நல்ல காரியம்ளா. அப்பம் நான் அங்கன நிக்கப்படாது. நீங்க போயிட்டு வாங்க."

போனை வைத்ததும் முருகேஸ்வரிக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. சீ, வாயைக் கொண்டு எதைச் சொல்லிவிட்டோம்! கோயிலையும் தாலியையும் இழுத்து ஒரு பொம்பளையை நிறுத்திவிட்டோமே என்று கூசியது. ஆனாலும் திரும்பப் போன் போட்டு மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. புருஷனிடமும் மகளிடமும், "மயினிக்குக் கால்வலியாம், வரலைங்காவ" என்று இன்னொன்றைச் சொல்லி மூடினாள். ப்ரியா ஒரு டிக்கெட்டை ரத்துப் பண்ணினாள். சங்கரபாண்டியன், "நான் ஒருக்கப் பேசிப் பாக்கட்டா?" என்று கேட்டதற்கு, "வேண்டாங்க, அவியளுக்குச் சங்கடமா இருக்கும்" என்று தடுத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. சென்னையிலிருந்து ப்ரியா வந்திருந்தாள். நடுவீட்டில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. வாசலில், "ஏளா முருகேசு!" என்று சத்தம் கேட்டது.

முருகேஸ்வரி ஓடிப்போய்ப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே தங்கத்தாய் நின்றாள், கூடவே அவள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு.

"உள்ள வாங்க மயினி, ஏன் தெருவுல நிக்கிய?"

"இல்லளா, இங்கனயே நிக்கேன். நல்ல காரியத்துக்குப் பொறப்படுத நேரம்."

சங்கரபாண்டியன் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். "வாக்கா. கால்வலி எப்படி இருக்கு?"

"காலுக்கு என்னலே? காலு கல்லு மாதிரி இருக்கு."

அவர் திரும்பி முருகேஸ்வரியைப் பார்த்தார். அவள் கேட்டின் கொண்டியைப் பார்த்தாள்.

தங்கத்தாய், இசக்கியம்மாளுக்குக் கண் காட்டினாள். இசக்கியம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மஞ்சள் கயிறு, விரலி மஞ்சள், குங்குமம், கொஞ்சம் பூ.

"வாங்கிக்க. நான் தொடலளா. கடையில எடுத்ததுல இருந்து பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தது வரைக்கும் எல்லாம் இவ கைதான். அதுக்குத்தான் இவளைக் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்கு உன் கழுத்துல முடிச்சுப் போட்டது நான்லா? நாத்தனா முறைக்கு இப்பவும் நான்தான் போடணும். எனக்குத்தான் குடுத்து வைக்கலையே. அதனால கயிறாவது நம்ம வீட்டுக் கயிறா இருக்கட்டும்."

"என்ன முடிச்சு? எதுக்குக்கா கயிறு?" என்றார் சங்கரபாண்டியன்.

"நல்லா கேட்டியே போ! அங்கன மாரியம்மன் கோயில்ல தாலி பிரிச்சுக் கோக்கப் போறியளேலே, இவ நேந்திருக்கால்லா. உன் ஆயுசுக்குத்தான் நேந்திருக்கா, ஒனக்கே தெரியாதாக்கும்?"

ப்ரியா, "அம்மா?" என்றாள். சங்கரபாண்டியனுக்கு விளங்கிவிட்டது. கால்வலியும் நேர்ச்சையும் எதற்கு என்று அவர் முகம் கணக்கைச் சேர்த்து முடித்ததை முருகேஸ்வரி கண்ணால் பார்த்தாள். நாலு வசவு வைதிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். இருபத்தைந்து வருஷமும் கூடவே இருந்த மனுஷன், யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் கழுத்தில் கிடக்கிற முடிச்சு இந்தக் கை போட்டது. அதையே சாக்காக வைத்து இந்தக் கையைத் தள்ளியிருக்கிறோம். இனியும் வாய் மூடி நின்றால் நாமெல்லாம் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டாள்.

"மயினி, நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க வரக்கூடாதுன்னு நாந்தான் பொய் சொன்னேன். நீங்க வாங்க. ப்ரியா இப்பமே டிக்கெட் போடுவா. என்னை மன்னிச்சிருங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தங்கத்தாய் அவளையே பார்த்தாள். அப்புறம் வெளுத்த பல் தெரிய மெல்லச் சிரித்தாள்.

"பாத்தியாளா இசக்கி! நான் பஸ்ஸுல சொல்லலை, இவ மனசு தங்கம்னு? நான் ஏங்குவேன்னுட்டு, நேந்ததையே இல்லன்னு சொல்லுதா பாரு."

"இல்ல மயினி, சத்தியமா..."

"வாயை மூடுளா! சாமி காரியத்துல சத்தியம் பண்ணாத. எனக்காக நேர்ச்சையை விட்டுட்டு, நாளைக்கு என் தம்பிக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் முட்டிக்கிடுவேன்?" சத்தம் பழையபடி ஏறியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "எனக்குப் பாங்காக் எதுக்குளா? நீ கூப்பிட்டியே, அது போதும். அவிய போனதுக்குப் பொறவு என்னை ஒருத்தரும் ஒரு எடத்துக்கும் வான்னு கூப்பிட்டதில்ல. ஒப்புக்குக்கூட ஒரு நாய் கூப்பிடலை. நீ கூப்பிட்ட. அதான் யோசிக்காம வாரேன்னுட்டேன்."

முருகேஸ்வரி கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தெரு பூரா உங்க பேச்சுதான்" என்றாள் இசக்கியம்மாள். "நாத்தனாளை ப்ளேன்ல கூட்டிட்டுப் போறேன்னு எந்த வீட்டு மருமவ சொல்லுவா?"

"சரி, சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று தங்கத்தாய் கிளம்பினாள். "முடிச்சை அங்கன நல்லா வாழுத பொம்பள யார் கையாலயாவது போடச் சொல்லு. அழாத, நல்ல காரியத்துக்குப் போறவ கண்ணைக் கசக்கப்படாது."

கட்டுச் செருப்பு சத்தம் கேட்க இருவரும் நடந்து போனார்கள். ப்ரியா உள்ளே போய்விட்டாள். வாழையிலைப் பொட்டலம் கையில் இருக்க, முருகேஸ்வரி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் பொறத்தாலயே போயி, எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டு வந்துருதேன். நீங்களும் வாங்க. நீங்க சொன்னா நம்புவாவ."

"சொல்ல மாட்டேன்" என்றார் சங்கரபாண்டியன். "நீ கூப்பிட்டேன்னு நம்பிக்கிட்டுப் போறா. அதையும் பிடுங்கிட்டா அவகிட்ட வேற என்ன இருக்கு? நீ நல்லவளாவே இருந்துக்க."

சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியைப் பூட்டினார்.