அதே பெட்டி

பதினொரு மணிக்கு இணையவழித் தேர்வு. மகள் பிறந்ததும் அவள் மென்பொருள் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. இரண்டு கம்பெனிகள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் இனி விண்ணப்பிப்பதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

பயிற்சிக் கேள்வி எளிதாகத்தான் தெரிந்தது. ஒரு ஃபோல்டரில் மொத்தம் எத்தனை கோப்புகள்? உள்ளே ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றிலும் எண்ண வேண்டும். எண்ணுவதற்கென எழுதும் ஃபங்ஷன், அதாவது சிறு கட்டளைத் தொகுப்பு, தன்னையே மறுபடி கூப்பிட வேண்டிய இடம். அவள் எழுதியதோ ஓயாமல் தன்னையே கூப்பிட்டு, மூச்சு முட்டி நின்றது.

"ஏழு தாள் கிழிச்சாச்சு," என்றான் கணவன், மகளுக்குத் தலை வாரியபடி. பார்சல் கிடங்கில் திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்து எண்ணுவது அவன் வேலை.

"கிண்டல் பண்ணாதீங்க. அது உள்ள உள்ள எங்க போகுதுன்னு பார்த்தா மூணாவது படியிலேயே தலை சுத்துது."

"நீ ஏன் பின்னாடியே போற? பெட்டிக்குள்ள சின்னப் பெட்டி இருந்தா நான் பக்கத்து மேஜைக்குக் கொடுத்துடுவேன். அவன் எண்ணிச் சொல்றதை என்னோடதுல கூட்டிக்குவேன். முதல் வாரம் நானும் மேஜை மேஜையா ஓடினேன். என் கணக்கும் போச்சு, அவங்க கணக்கும் போச்சு. எனக்கு ரயில்வண்டின்னு பேரு வச்சதுதான் மிச்சம்."

"அவன் பெட்டிக்குள்ளயும் பெட்டி இருந்தா?"

"அடுத்தவனுக்குக் கொடுப்பான். உள்ள பெட்டியே இல்லாதவன் எண்ணிச் சொல்லிடுவான். அவ்வளவுதான்."

அவள் திரையைப் பார்த்தாள். உள்ளே இருக்கும் ஃபோல்டரைக் கொடுக்க வேண்டிய இடத்தில், கையிலிருந்த அதே ஃபோல்டரைக் கொடுத்திருந்தாள்.

"நான் முழுப் பெட்டியையே பக்கத்து மேஜைக்குத் தள்ளியிருக்கேங்க."

"அப்ப அவனும் தள்ளுவான். சாயங்காலம் வரைக்கும் தள்ளலாம், வேலை செஞ்ச மாதிரியும் இருக்கும்."

சிரித்துக்கொண்டே ஒரு சொல்லை மாற்றினாள். முப்பத்தெட்டு என்று சரியான விடை வந்தது.

தேர்வில் கேள்வி வேறு. ஒரு அதிகாரியின் கீழ், அடிமட்டம் வரை, மொத்தம் எத்தனை பேர்? அவள் அடிமட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு நேர் கீழே இருப்பவர்களை எண்ணினாள். அவரவர்க்குக் கீழ் உள்ளவர்களை அவரவர் எண்ணிச் சொல்லட்டும் என்று விட்டாள். ஐந்தே வரி.

"கீழே யாருமே இல்லாதவர் வந்தா?" என்று திரையில் தேர்வை நடத்திய பெண்மணி கேட்டார்.

"பூஜ்யம்னு சொல்லிட்டு நின்னுடும்."

அந்தப் பெண்மணி எதையோ குறித்துக்கொண்டார். "திங்கட்கிழமை நேர்ல வர முடியுமா? எங்க குழுவைப் பாருங்க."

அவள் அறைக் கதவைத் திறந்தபோது கணவனும் மகளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"இவதான்," என்று மகளைக் கைகாட்டினான். "திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன். நீ கிளம்பு, இவளை நான் பார்த்துக்கறேன்."