தொடாம காட்டு

ஆயுதபூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணணும் என்று முதலாளி முனிரத்தினம் சொன்னதைக் கார்முகிலன் கொஞ்சம் ஆழமாகவே எடுத்துக்கொண்டான். ஆம்பூரில் அந்தச் செருப்புக் கம்பெனியின் டிசைன் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு. வெளியே தூசி தட்டினான். ஃபேனைக் கழற்றி ஊதினான். உள்ளேயும் அழுக்கு இருக்கக் கூடாதே என்று, மூன்று மாசமாக அப்டேட் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த லினக்ஸுக்கும் சரி சொல்லிவிட்டான். அதன் அடிமனசான கெர்னல் வரைக்கும் புதுசாகி, தலைக்குக் குளித்த மாதிரி அது மறுபடி எழுந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பூஜை. மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம், மவுஸுக்கு ஒரு முழம் சாமந்தி. கற்பூரம் காட்டும்போதுதான் கார்முகிலன் திரையைச் சரியாகப் பார்த்தான். எழுத்தெல்லாம் டவுன் பஸ் போர்டு சைஸுக்கு வீங்கியிருந்தது. திரையில் படத்தை ஓட்டும் பழைய கிராபிக்ஸ் டிரைவரைப் புது கெர்னலுக்கு அடையாளம் தெரியவில்லை. டிரைவர் இல்லாமல் டிசைன் சாஃப்ட்வேர் திறக்காது. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இரண்டு மணிக்கு, கம்பெனிக்கு ஆர்டர் தரும் ஜெர்மன்காரரிடமிருந்து மெயில் வந்தது. நாலு மணிக்கு வீடியோ காலில் புது டிசைனைக் காட்டணும். நாளையிலிருந்து அவர் லீவு. காட்டாவிட்டால் போன வருஷத்து மாடலே போதுமாம். போன வருஷத்து மாடல் சீனியர் நவநீதனுடையது. புது டிசைன், கார்முகிலன் முதன்முதலாகச் சொந்தமாகப் போட்ட லேடீஸ் செருப்பு.

"காட்டிடு," என்றார் முனிரத்தினம். "ஆனா மிஷின தொடாத. பூஜை போட்டாச்சு, காலைல வரைக்கும் அதுக்கு ரெஸ்ட்டு."

"தொடாம எப்படி முதலாளி காட்றது?"

"அத நீதான் சொல்லணும். டிசைனர் நீயா, நானா?"

நவநீதன் பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "எதுக்கு பேஜாரு? என்னோடது பிரிண்ட் போட்டே இருக்குது," என்றான்.

கார்முகிலன் செல்போனை எடுத்தான். போனுக்குப் பூஜை ஆகவில்லை; பூஜையை வீடியோ எடுத்ததே அதுதான். டீக்கடையில் உட்கார்ந்தபடி ஆபீஸில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள அவன் ஏற்கெனவே செய்துவைத்திருந்த இணைப்பு ஒன்று உண்டு. அதன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான். பழைய டிரைவரை நீக்கி, புதுசை ஏற்றி, அது கேட்ட ஃபைல்களையெல்லாம் கொடுத்து, ரீஸ்டார்ட் போட்டான்.

நீலத் திரை வந்தது. வந்திருக்கும் டிரைவர் நம்பிக்கையான ஆள்தானா என்று உறுதி சொல்ல, பத்து செகண்டுக்குள் யாராவது நேரில் ஒரு பட்டனை அமுக்கி, பாஸ்வேர்டு அடிக்கணும். போனிலிருந்து முடியாது. பத்து, ஒன்பது, எட்டு... எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூஜ்யம் வரைக்கும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

"போச்சு. மறுபடி முதல்லேர்ந்து," என்றான் கார்முகிலன். மணி மூன்றேகால்.

குவாலிட்டி செக்கிங் ஃபரீதா முன்னால் வந்தாள். "நான் அமுக்கட்டா முதலாளி? எனக்குத்தான் பூஜை இல்லியே."

"பூஜை உனக்கில்லம்மா, மிஷினுக்கு."

ஃபரீதா ஒரு நிமிஷம் யோசித்தாள். போய், தன் மேஜைக் கீபோர்டை வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். "என் டேபிளுக்கு வர்றதுக்குள்ள சந்தனம் தீந்துபோச்சு. நவநீதன் தட்டோட திரும்பிப் போய்ட்டாரு."

முனிரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாகப் பரிசோதித்தார். பிஸ்கட் தூள் இருந்தது. பொட்டு இல்லை.

"வயர அந்த மிஷின்லதான சொருகணும்?" என்றான் நவநீதன்.

முதலாளி குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "பின்னாடி நாம எதுவும் வெக்கல," என்று தீர்ப்பு சொன்னார். "சொருகு. முன்னாடி கை படக் கூடாது."

போனிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்து ரீஸ்டார்ட் போட்டு, இந்தத் தடவை ஏழிலேயே கார்முகிலன் ஃபரீதாவின் கீபோர்டில் பட்டனை அமுக்கிவிட்டான். பாஸ்வேர்டு அடித்தான். திரை இருண்டது, ஃபரீதா தனக்குள் ஏதோ ஓதினாள். வெளிச்சம் வந்தபோது எழுத்தெல்லாம் வீக்கம் வடிந்து பழைய சைஸில் நின்றது.

நாலு மணிக்கு ஜெர்மன்காரர் செருப்பைத் திருப்பச் சொன்னார், கவிழ்க்கச் சொன்னார், குதிகாலைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். கார்முகிலன் ஃபரீதாவின் கீபோர்டிலேயே எல்லாம் செய்தான். கடைசியில், "சாம்பிள் அனுப்புங்க," என்றார் அவர்.

"ஸ்ட்ராப் கொஞ்சம் அகலம்," என்றான் நவநீதன். அவன் இதைவிடப் பெரிதாக யாரையும் பாராட்டியதாகக் கம்பெனியில் தகவல் இல்லை.

கார்முகிலன் லெதர் எடுக்க ஓடினான்.

"டேய், எங்க ஓட்ற? கட்டிங் மிஷினும் ரெஸ்ட்டுலதான் இருக்குது," என்று முதலாளி கத்தினார். "காலைல ஆறு மணிக்கு வா. நல்ல நாளு. முத கட்டிங்கு உன் செருப்புதான்."

"அஞ்சரைக்கே வந்துட்றேன் முதலாளி."