சோறு பொங்கும் வரை

1946ஆம் ஆண்டு நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. சாந்தோமில் மெல்லிய தூறல். ஞானதாஸ், சவப்பெட்டியில் கிடத்தியிருந்த மனைவி மர்சலினின் விரல்களுக்கிடையே, கறுப்புத்துணி உறையிட்ட ஜெபப்புத்தகத்தைச் செருகிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அது ஜெபப்புஸ்தகம் இல்ல,” என்றாள் மகள் நோரா.

பிரித்துப் படித்தார். புயலிரவு, ஆளில்லாத தீவு, கலங்கரை விளக்கத்தின் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

மாலைதோறும் அடுப்பங்கரையில் மர்சலின் இந்தக் கறுப்புப் புத்தகத்தோடு அமர்ந்திருக்க, பிள்ளைகள் அவளை மொய்த்திருப்பதை அவர் கண்டிருக்கிறார். கதைப்புத்தகம் படிப்பைக் கெடுக்கும் என்று தாம் விதித்த தடை பக்தியாகக் கனிந்துவிட்டதாக நம்பி, பங்குச் சாமியாரிடம் பெருமையும் பேசியிருக்கிறார்.

“செத்தவ கையில கதைப்புஸ்தகமா! சாமியார் வர்றதுக்குள்ள எடு தம்பி,” என்றாள் அவருடைய அக்காள் வெரோனிகா.

நோரா ஜெபப்புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதே துணி, அதே தையல். அதை மர்சலினின் கையில் வைத்தவர், மற்றதைக் கீழே வைக்கவில்லை.

“தட்டினது யாரு?”

“தெரியாதுப்பா. சோறு பொங்கினதும் அம்மா நிறுத்திடுவாங்க. புஸ்தகத்த அப்படியே கவுத்துட்டுக் கஞ்சி வடிக்கப் போயிடுவாங்க. மீதிய நாங்க அடிச்சுக்கினு படிப்போம்.” நோரா தயங்கினாள். “நேத்து சோறு பொங்கறதுக்குள்ள நெஞ்சப் புடிச்சுக்கினாங்க.”

பங்கு வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பிரகாசம் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். பெட்டியருகே சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவர் பார்வை ஞானதாஸின் கையில் நின்றது.

“அம்மா பேர்ல எடுத்தது சார். அவங்க போனதும் கார்டும் முடிஞ்சுது. அவசரமில்ல, நாளைக்கு வாங்கிக்கிறேன்.”

“பிள்ளைங்க பேர்ல எடுக்க முடியாதா?”

“அப்பா சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். ரெண்டு தபா அம்மாகிட்ட சொன்னேனே. கேக்கறேன்னாங்க.”

“கேக்கல.”

பிரகாசம் குடையைப் பார்த்தார். வெரோனிகா மெழுகுவர்த்தியின் திரியைத் திருத்தினாள்.

சவவண்டி வாசலில் வந்து நின்றது. ஞானதாஸ் மேஜைக்குப் போய் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். இரண்டாம் வரியில் ‘சில புத்தகங்கள்’ என்பதில் ‘சில’வை அடித்து ‘எல்லா’ என்று திருத்தினார். திருத்தத்துக்கும் தனியே கையெழுத்திட்டார்.

தாளை வலக்கையால் பிரகாசத்திடம் நீட்டினார். இடக்கையின் கட்டைவிரல், புத்தகத்துக்குள், பக்கத்தைப் பிடித்திருந்தது.