தூசி நகராது

அந்தக் கல் மேல் ஆசைப்பட்டவள் மலர்க்கொடி. கண்டுபிடித்தவள் வைஷ்ணவி.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் கரியைவிடக் கறுப்பானவை உண்டு, சூரியக் குடும்பம் உருவானபோது எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியே இன்னும் இருக்கின்றன என்று வைஷ்ணவியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள் மலர்தான். திருச்சியில் அவர்கள் கல்லூரியில் சிறுகோள் தேடும் குழு தொடங்கியதும், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வைஷ்ணவியை இழுத்துச் சேர்த்தவளும் அவள்தான். "சர்டிபிகேட் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள் வைஷ்ணவி.

இன்று ஆய்வுக்கூடத்தில் வைஷ்ணவியைச் சுற்றிக் கூட்டம். தொலைநோக்கி எடுத்த நான்கு படங்களை அவள் மாற்றி மாற்றி ஓட்டினாள். நிறம் தலைகீழாக்கிய வெள்ளைத் திரையில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் நகர்ந்தது.

"இவ்வளவு மெதுவா நகர்றதப் பாத்தா ரொம்பத் தள்ளி இருக்கு. அங்க சுத்தறது பெரும்பாலும் மலர் சொல்ற கரிக்கல்லுதான்," என்றார் குழுவை நடத்தும் சார். "மலர், நீயும் பாத்துச் சொல்லும்மா. உங்க ஜோடில ரெண்டு பேரும் சரின்னாதான் புதுக் கல்லுன்னு எழுதி அனுப்புவேன்."

மலருக்கு வயிறு எரிந்தது. இதே படங்களை நேற்று மண்ணச்சநல்லூரில், அப்பாவின் ரைஸ்மில் ஆபீசில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். அந்தப் புள்ளியையும் பார்த்தாள். மில்லில் எல்லாவற்றின் மேலும் தவிட்டுத் தூசி படியும். கை தானாகத் துடைக்கும். முதல் படத்திலேயே, தூசி என்று நினைத்து, திரையைத் துப்பட்டாவால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, போனதா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த தொகுப்புக்குப் போய்விட்டாள்.

"தூசி மாதிரி இருக்குடி," என்றாள் இப்போது.

வைஷ்ணவியின் முகம் விழுந்தது. ஆனால் சந்தேகப்படவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." கைக்குட்டையால் திரையை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

புள்ளி நகர்ந்தது.

"தூசி எங்கயாவது நகருமாடி? உங்க மில்லுத் தூசி மட்டும் பஸ் ஏறிப் போகுமோ?" என்றாள் வைஷ்ணவி.

எல்லோரும் சிரித்தார்கள். சார் மலரையே பார்த்தார்.

"சரி சார். அனுப்புங்க," என்றாள் மலர்.

"என்னைக்காவது பேரு வைக்கச் சொன்னா, மலர்க்கொடின்னு வைக்கிறேன்டி," என்று வைஷ்ணவி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை. எடுத்துக்கொண்டவளே இப்போது தானம் தருகிறாள்.

சாயங்காலம் மில் ஆபீசில் மலர் அதே படங்களைத் திறந்தாள். நேற்று துடைத்த தடம் தவிட்டுக்கு நடுவே இன்னும் தெரிந்தது. புள்ளி அந்தத் தடத்துக்குள்ளிருந்து கிளம்பி, அதைத் தாண்டி வெளியேறியது. அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடியும்.

"என்னம்மா அப்படிப் பாக்கறே?" என்றார் அப்பா.

"என் கல்லுப்பா," என்றாள்.