வேன் கட்டணம் இருபது சோம்

அன்று காலை வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே தொக்தோசுன் எரிச்சலில்தான் இருந்தான். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து டீசல் விலை இரண்டு முறை ஏறிவிட்டது. பின் டயர்கள் வழவழவென்று தேய்ந்து கிடந்தன. புது டயர் என்ன விலை என்று கேட்கப் போய், கடைக்காரனோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தான்.

ஓஷ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர்களிலிருந்து பெரிய சந்தைக்குப் போகிற தடம் அவனுடையது. அந்தத் தடத்து வேன்காரர்கள் எல்லோரும் முந்தின நாள் மாலை டீக்கடையில் கூடினார்கள். கட்டணத்தைப் பதினைந்து சோமிலிருந்து இருபதாக ஏற்றுவது என்று முடிவாயிற்று. நகர அலுவலகத்தில் எப்போதோ மனு கொடுத்தாயிற்று, பதிலைத்தான் காணோம்.

"அவங்க கையெழுத்து போடுறதுக்குள்ள நாம வண்டிய வித்துட்டு மாஸ்கோவுக்கு ரோடு கூட்டப் போயிருப்போம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கை தட்டி ஒப்புக்கொண்டார்கள்.

தொக்தோசுன் ஓர் அட்டையில் 'இன்று முதல் 20 சோம்' என்று கொட்டையாக எழுதி முன்கண்ணாடியில் செருகினான். ஏறினவர்கள் அதைப் பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள், கொடுத்தார்கள். பின்னால் உட்கார்ந்தவர்களின் காசு கைக்குக் கை மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. அவன் யார் முகத்தையும் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஊல்கான் ஏறினாள். சந்தையில் முட்டை விற்பவள். ஐம்பது தாண்டிய, அகலமான தோள்களுள்ள பெண். சால்வையில் கட்டிய முட்டை அட்டைகளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு, கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு மூட்டையை மடியிலும் இன்னொன்றைப் பக்கத்து இருக்கையிலும் வைத்தாள். அவளுடைய காசு முன்னால் வந்தது. பதினைந்து சோம்.

"அக்கா, அஞ்சு குறையுது" என்றான் கண்ணாடியில் பார்த்தபடி.

"குறையல தம்பி. எப்பவும் குடுக்கறதுதான்."

"எழுதி வச்சிருக்கேனே, தெரியலையா?"

"தெரியுது. யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப அந்த அஞ்ச நீயே போட்டுக்க."

வண்டியில் சிரிப்பு கிளம்பியது. தொக்தோசுனின் காது மடல் சூடாயிற்று. "வாராவாரம் முட்டை விலைய ஏத்துறீங்களே, அதுக்கு எந்த ஆபீசுல முத்திரை வாங்குறீங்க?"

இப்போது சிரித்தவர்கள் அவன் பக்கம் சாய்ந்தார்கள். ஊல்கான் அசரவில்லை.

"என் கோழி தவிடு திங்குது. தவிடு என்ன விலை விக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என் வண்டி மட்டும் காத்தக் குடிச்சிட்டா ஓடுது?"

"போன வாரம் உன் பொண்டாட்டி என் கடையில வந்து நின்னா. ஏத்தின விலையக் கேட்டதும் மூஞ்சி செத்துப் போச்சு. பழைய விலைக்கே குடுத்தனுப்பினேன். நான் உன் வீட்டுக்கு விட்டுக் குடுப்பேன், நீ எனக்கு அட்டையக் காட்டுவியா?"

அவனுக்கு இது தெரியாது. தன் வீட்டு அடுப்படி வண்டியிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் திறந்து கிடப்பது போலிருந்தது. அக்பூரா ஆற்றுப் பாலத்தின் நடுவே வண்டியை ஓரங்கட்டினான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அஞ்சு சோம் வர்ற வரைக்கும் வண்டி நகராது."

கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். முதலில் எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஒரு நர்ஸ், "அண்ணே, லேட்டானா என் சம்பளத்துல பிடிப்பாங்க. நீங்களா தருவீங்க?" என்று கத்தினாள். அவன் புகையை வெளியே ஊதினான். கொஞ்ச நேரம் போனதும் அதே நர்ஸ் ஊல்கானிடம் திரும்பினாள்.

"அக்கா, குடுத்துத் தொலைங்களேன். நாங்கல்லாம் குடுக்கலையா?"

"குடுத்தீங்க. அதனாலதான் அவன் சிகரெட் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் தன் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா, நான் போடுறேன். எனக்கு டாக்டர் காத்திருக்க மாட்டாரு."

"உள்ள வைங்க பெரியவரே. அடுத்தவங்க காசுல நான் வண்டி ஏற மாட்டேன்."

"அப்ப இறங்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "உன் ஒருத்தி வீம்புக்கு நாங்க ஏன் குளிர்ல விறைக்கணும்?"

அந்தக் குரல் யாருடையது என்று ஊல்கான் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, "பாதி வழிக்குப் பதினஞ்சு வாங்கியிருக்க. நல்லா வச்சுக்க" என்றாள். பனி உருகிச் சேறாகிக் கிடந்த பாலத்தில் இறங்கி, இரண்டு கைகளிலும் முட்டைகளோடு சந்தையை நோக்கி நடந்தாள். அந்தப் பதினைந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. கொடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பி, அவளைத் தாண்டிப் போனான். சக்கரம் வாரி இறைத்த சேறு அவள் பாவாடையில் தெறித்தது.

பின் இருக்கையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் முழுவதையும் கைபேசியில் படம் பிடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. சேற்றில் நடக்கிற முட்டைக்காரி, ஜன்னலுக்கு வெளியே சிகரெட்டோடு தொங்குகிற அவன் கை, படத்துக்குக் கீழே எழுதிய வண்டி எண். மறுநாளே தொக்தோசுனின் தட அனுமதி முடக்கப்பட்டது. அபராதம் வேறு. அவனோடு கை தட்டி ஒப்புக்கொண்ட வேன்காரர்கள் சத்தமில்லாமல் தங்கள் அட்டைகளைக் கழற்றிவிட்டுப் பழையபடி பதினைந்துக்கே ஓட்டினார்கள். ஒருவன் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் நிதானமா இருந்திருக்கலாம்" என்றான். தொக்தோசுன் போனை வைத்துவிட்டான்.

வீட்டில் அவன் மனைவி ஐசாத், இறைச்சி போடாத நூடுல்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பழைய விலைக்கு வாங்கினத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பீங்க. அப்புறம் புள்ளைங்க என்னத்தத் திங்கும்? உங்க ரோஷத்தையா?"

"ஊருக்கு முன்னால என்னைப் பிச்சக்காரனாக்கிட்டா அவ."

"அவ ஆக்கல" என்றாள் ஐசாத். தட்டை அவன் முன்னால் வைத்த சத்தத்திலேயே மீதியும் இருந்தது.

வண்டி முற்றத்தில் நின்றது. அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு வாரம் பொறுத்தான். அதற்குமேல் முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் சந்தைக்குப் போனான், இன்னொருவனுடைய வேனில், பதினைந்து சோம் கொடுத்து.

ஊல்கானின் மேசை, எண்ணெய்க் கடைகளுக்கும் கேரட் வண்டிகளுக்கும் நடுவே இருந்தது. அவள் ஒரு பெண்ணுக்கு முட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"திருப்தியா உனக்கு?" என்றான். அக்கா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. "என் வண்டி வீட்டுல நிக்குது. திருப்தியா?"

"படம் பிடிச்சது நான் இல்ல. போயி அந்தப் பொண்ணைக் கேளு."

"நீ அஞ்சு சோமக் குடுத்திருந்தா அவ எதைப் பிடிச்சிருப்பா?"

"நீ சாவிய உருவாம இருந்திருந்தாலும் ஒண்ணும் பிடிச்சிருக்க மாட்டா. நகரு. ஆள் நிக்கிறாங்க."

நகரு என்று அவள் சொன்னதுதான் தாமதம், தொக்தோசுன் இரண்டு கைகளையும் ஓங்கி, மேலே இருந்த முட்டை அட்டையின் மேல் அறைந்து அழுத்தினான். ஓடுகள் நொறுங்கும் சத்தம் அவனுக்கே கூசியது. மஞ்சளும் வெள்ளையும் விரல்களுக்கு நடுவே பிதுங்கி, அவன் கோட்டுக் கைக்குள் வழிந்தது.

அவள் கூச்சல் போடுவாள், பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வருவார்கள், ஒரு கைகலப்பு நடக்கும் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்குத் தயாராகவும் நின்றான். ஊல்கான் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியக் குண்டானை எடுத்தாள். அட்டையை அதில் சாய்த்தாள். பெரிய ஓடுகளை விரலால் எடுத்துப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, எண்ணெய்க் கடை வரைக்கும் கேட்கிற குரலில் கூவினாள்.

"உடைஞ்ச முட்டை. பாதி விலை. பாத்திரம் உள்ளவங்க வரலாம்."

வந்தார்கள். முதலில் நூடுல்ஸ் கடைக்காரி ஒருத்தி வாளியோடு வந்தாள். பிறகு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஊறுகாய் ஜாடிகள், தயிர்ப் பாத்திரங்கள். பையை உதறிப் பிடித்துக்கொண்டுகூட ஒருத்தி வந்து நின்றாள். கூட்டம் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்தது. "எனக்கு அப்புறம்தான் நீ வந்த" என்று இரண்டு பேர் கட்டிப் புரண்டுவிடுவார்கள் போலிருந்தது. தொக்தோசுனை யாரும் திட்டவில்லை. அவன் வழியில் நின்றதால், "கொஞ்சம் தள்ளுங்க" என்று தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். அன்று வண்டியில் இருந்த கிழவரும் ஒரு டம்ளரோடு வரிசையில் நின்றார். அவனை அவர் அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. அவர் கண் குண்டானிலேயே இருந்தது.

குண்டான் காலியானது. கடைசியில் நின்ற பெண் தன் வெறும் பாத்திரத்தைப் பார்த்தாள். அப்புறம் தொக்தோசுனின் ஒழுகுகிற கைகளைப் பார்த்தாள். அவள் குரலில் துளி கேலி இல்லை.

"அண்ணே, இன்னொரு அட்டை இருக்கு பாருங்க. அதையும் கொஞ்சம் தட்டிவிடுறீங்களா? வீட்டுல மூணு புள்ளைங்க."

இவ்வளவு நாளும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று ஆறிப்போய், அந்த இடத்தில் கடும் அவமானம் வந்து உட்கார்ந்தது. அடி வாங்கியிருந்தால் இதைவிடத் தேவலை.

"எவ்வளவு ஆச்சு?" என்று ஊல்கானிடம் கேட்டான்.

"பாதி விலைக்கு வித்தாச்சு. மீதிப் பாதி நீ குடு."

பிசுபிசுத்த விரல்களால் நோட்டுகளை எடுத்தான். அவள் அவற்றின் ஓரத்தைப் பிடித்து வாங்கி, சால்வை நுனியில் துடைத்து, மேசை மேல் காய வைத்தாள். கூடவும் கேட்கவில்லை, குறைக்கவும் இல்லை.

"கை கழுவ அங்க குழாய் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வசந்தம் முடிவதற்குள் நகர அலுவலகம் கட்டணத்தை இருபது சோம் என்று அறிவித்தது. முத்திரை போட்ட தாளே வந்தது. தொக்தோசுனுக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. வேன்காரர்கள் அவன் முதுகில் தட்டி, "உன்னாலதான்டா" என்றார்கள். அவன் அவர்களோடு டீக்கடையில் உட்காருவதை நிறுத்திக்கொண்டான். ஐசாத் முட்டைக்குச் சந்தையின் மறுகோடிக்குப் போய்வந்தாள். அங்கே விலை கூடுதல். அதை அவள் ஒவ்வொரு முறையும் அவனிடம் சொன்னாள்.

ஊல்கான் அவன் வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வேனுக்கு நின்றாள். ஒரு நாள் நல்ல மழை. பின்னால் வேறு வேன் எதுவும் வரவில்லை. அவள் ஏறினாள். இருபது சோம் கைமாறி முன்னால் வந்தது.

"பக்கத்து சீட்டுல மூட்டைய வச்சா அதுக்கும் ஒரு டிக்கெட்" என்றான் தொக்தோசுன், சாலையைப் பார்த்தபடியே.

ஊல்கான் இரண்டு மூட்டைகளையும் மடியில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சந்தை வரைக்கும் சாலை முழுக்கக் குழி. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. அவளும் குறைக்கச் சொல்லவில்லை.