கிரான் தராசுக்கு ஒரு சீடி

கொம்பியூட்டரைத் திருத்த ஷெரோன் கோணாமலையின் நெல் ஆலைக்குள் நுழைந்தபோது உசாந்தி நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

ஆலை வாசலில் இருந்த வாகனத் தராசுக்கு உசாந்திதான் பொறுப்பு. நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு ட்ரக்டர் தராசில் ஏறினால் பக்கத்து அறையில் இருக்கும் அவளுடைய கொம்பியூட்டரில் எடை விழும். அந்தக் கொம்பியூட்டர் முதல்நாள் செத்துப் போயிருந்தது. கிரான் வயல்களில் பெரும்போக நெல் வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். ட்ரக்டர்கள் சந்தி வரைக்கும் வரிசையாக நின்றன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

“இவவையா கூப்பிட்டீங்க?” என்று உசாந்தி முதலாளியிடம் கேட்டாள்.

“டவுனில கேட்ட எல்லாரும் இந்தப் பழைய கொம்பியூட்டருக்கு ஏலாது எண்டுட்டாங்க. வேற ஆர் இரிக்கா?” என்றார் கோணாமலை. “பிடிக்கல்லயெண்டா வெளியில போய் நில்லு.”

“நான் போகமாட்டன். இவ என்ன செய்யிறா எண்டு பாத்துக்கொண்டுதான் இரிப்பன்.”

ஷெரோன் கொம்பியூட்டர்ப் பெட்டியின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், மட்டக்களப்பு டவுனில் ஷெரோனும் அவளுடைய அண்ணன் பிறின்ஸும் சேர்ந்து நடத்திய கடையில் உசாந்தி தன் லப்டொப்பைத் திருத்தக் கொடுத்திருந்தாள். அது திரும்பி வந்த சில நாட்களில், அவள் தனக்காக மட்டும் எடுத்து வைத்திருந்த படங்கள் ஊர்ப் பொடியன்களின் போன்களில் ஓடின. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. லப்டொப்பைத் திருத்தியது தங்கச்சிதான் என்று பிறின்ஸ் எல்லோரிடமும் சொன்னான். ஷெரோன் கடையை விட்டு வெளியேறி, களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் தனியாகத் தொழில் செய்தாள். பெண்கள் யாரும் அவளிடம் போன் கொண்டு வருவதில்லை. அண்ணனோடு அவள் பேசுவதும் இல்லை.

பழைய ஹாட் டிஸ்க் முற்றாகப் பழுது. புதியதை மாட்டினாள். தராசின் மென்பொருள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதை ஏற்றுவதற்குக் கொம்பியூட்டர்க் கம்பனி கொடுத்த சீடியே வேண்டும். வேறு சீடியைப் போட்டால் பதிவு இலக்கம் கேட்டு நின்றுவிடும்.

“சீடி எங்க ஐயா?”

“உங்கட அண்ணன்ட கடையில. கொம்பியூட்டர வித்தவனே அவன்தானே.”

கோணாமலை பிறின்ஸுக்குப் போன் எடுத்துத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் பிறின்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தங்கச்சியின் கையில் கொடுக்காமல் சீடியை மேசையில் எறிந்தான்.

ஷெரோன் அதைப் போட்டுப் பார்த்தாள். விண்டோஸ் பாதி ஏறி, பிழை காட்டும் நீலத்திரையில் நின்றது.

“ஐயா, இது மிச்சம் பழைய சீடி. இவ்வளவு பெரிய ஹாட் டிஸ்க் இதுக்குப் பிடிபடாது. பொறகு வந்த திருத்தமெல்லாம் சேவிஸ் பெக் எண்டு ஒண்டில இரிக்கு. சீடியில இரிக்கிறத என்ட லப்டொப்பில கொப்பி பண்ணி, அதுக்குள்ள சேவிஸ் பெக்கக் கலந்து, புதுச் சீடி ஒண்டு எழுதணும்.”

“கம்பனிச் சீடியில அது சேராது அண்ணே,” என்றான் பிறின்ஸ். அவனும் கோணாமலையைப் பார்த்துத்தான் பேசினான். “நான் எப்பவோ செஞ்சு பாத்துக் கைவிட்டது.”

“சேரும் ஐயா.”

“சேந்தாலும் ஒண்டு சொல்லுறன். இவட லப்டொப்பில உங்கட ஆலைச் சாமான் ஒண்டையும் ஏத்த விடாதீங்க. இவட கைக்குப் போனது எங்கயெல்லாம் போகும் எண்டு உசாந்திக்குத் தெரியும்.”

உசாந்தியின் முகம் இறுகியது. யன்னலோரம் நின்ற இரண்டு விவசாயிகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து யன்னல் கதவைச் சாத்தினாள்.

ஷெரோன் சீடியின் கோப்புகளை இழுத்து லப்டொப்பில் போட்டாள். சேவிஸ் பெக்கைக் கலப்பதற்கான கட்டளையை இரண்டு தடவை பிழையாகத் தட்டி, மூன்றாவதில் சரியாகத் தட்டினாள். கலந்து முடிந்ததும், கொம்பியூட்டரைத் தொடக்கி வைக்கும் பகுதியைப் பழைய சீடியிலிருந்து தனியாக எடுத்துச் சேர்த்து எழுதினாள்.

புதுச் சீடி ஓடத் தொடங்கியது. பிறகு, சீடியைப் போடும்படி கேட்டு நின்றது. உள்ளே கிடக்கிற சீடியையே அது கேட்டது.

பிறின்ஸ் சிரித்தான். “சொன்னன்தானே.”

வெளியே யாரோ கதவில் அடித்தார்கள். “மழ வருது. நெல்லு நனைஞ்சா ஆலைக்காரன் வாங்குவானா? என்ன விளையாட்டு நடக்குது உள்ள?”

“இவள அனுப்பிட்டு வேற ஆளப் பாருங்க அண்ணே,” என்றான் பிறின்ஸ். “இவளுக்கு மத்தவங்கட சாமானத் தோண்ட மட்டும்தான் தெரியும்.”

ஷெரோன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். உசாந்தியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க லப்டொப் குடுக்க வரக்குள்ள நான் கடையில நிண்டனா?”

“வேலையப் பாரு,” என்றான் பிறின்ஸ். இரண்டு வருடத்தில் அவன் அவளோடு நேரே பேசிய முதல் வார்த்தை அது.

உசாந்தி யோசித்தாள். “இல்ல. குடுக்கக்குள்ளயும் இல்ல, எடுக்கக்குள்ளயும் இல்ல. தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போய்த் திருத்துறா எண்டு இவர் சொன்னார்.”

“அம்மாக்கு ஒப்பரேசன். அந்தக் கிழம முழுக்க நான் ஆசுபத்திரியில அவவோட படுத்துக் கிடந்தன். உங்கட லப்டொப்ப நான் கண்ணாலயும் காணல்ல.”

“வீட்டுச் சங்கதிய இங்க ஏன் இழுக்கிறாய்?” என்று பிறின்ஸ் இடைமறித்தான்.

கோணாமலை பிறின்ஸை நெருங்கி வந்தார். “அப்ப அந்தப் படத்த அனுப்பினது நீயா?”

“நான் அனுப்பல்ல. ஒரு கூட்டாளிக்குக் காட்டினது மட்டும்தான். அவன் எடுத்து அனுப்புவான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. 

இந்த நேரத்தைப் பற்றி ஷெரோன் பலமுறை நினைத்துப் பார்த்திருந்தாள். உண்மை தெரிந்ததும் உசாந்தி தன் கையைப் பிடித்து அழுவாள் என்று நினைத்திருந்தாள். உசாந்தி அழவில்லை.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று ஷெரோனிடம் கேட்டாள்.

“அப்பவே தெரியும்.”

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“அம்மா கால்ல விழாத குறையாக் கேட்டா. கடை மூடுபடும், அண்ணன உள்ள போடுவாங்க எண்டு அழுதா. என்ட பேர்தானே கெடுது எண்டு நான் பேசாம இருந்துட்டன்.”

“உங்கட பேரா?” உசாந்தியின் குரல் உயரவில்லை. “போனது என்ட படம். அப்பவே சொல்லியிருந்தா ஆரிட்ட போச்சு, ஆர் அனுப்பினது எண்டு பிடிச்சிருக்கலாம். இப்ப எத்தின போனில கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா? இண்டைக்கும் நீங்க எனக்காகச் சொல்லல்ல. இவர் உங்களக் கேவலமாப் பேசினதாலதான் சொன்னீங்க.”

உசாந்தி கொம்பியூட்டரின் பக்கம் கையைக் காட்டினாள்.

“வேலைய முடிங்க,” என்றாள். “வெளியில சனம் நிக்குது.”

கோணாமலை கதவைத் திறந்து பிறின்ஸுக்கு வழியைக் காட்டினார். “சீடி இங்க கிடக்கட்டும். இனி என்ட ஆலைப் பக்கம் வந்திராத.” பிறின்ஸ் போகும்போது தங்கச்சியின் கதிரைக்குப் பின்னால் ஒரு கணம் நின்றான். “அம்மாக்கு ஏதும் நடந்தா அது உன்னாலதான்,” என்றான்.

ஷெரோன் பழைய சீடியைத் திரும்பத் திறந்து, தான் கொப்பி பண்ணியவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பெரிய கோப்புறையை எடுத்தவள், அதற்கு வெளியே தனியாகக் கிடந்த சில மிகச் சிறிய கோப்புகளை விட்டிருந்தாள். இது சரியான சீடிதானா என்று விண்டோஸ் அடையாளம் பார்ப்பது அவற்றைக் கொண்டுதான். இது அவளுக்குத் தெரிந்த விடயம்தான்; பிறின்ஸின் பேச்சில் கவனம் சிதறி விட்டிருந்தாள். அவற்றைச் சேர்த்து இன்னொரு சீடி எழுதினாள். இம்முறை விண்டோஸ் இடையில் நிற்கவில்லை. இலக்கமும் கேட்கவில்லை. தராசின் மென்பொருளும் ஏறியது.

உசாந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் ட்ரக்டரைக் கூப்பிட்டாள். எடை விழுந்தது. மழை வருவதற்குள் பாதி வரிசைதான் முடிந்தது. மிச்சப் பேர் நெல்லின் மேல் தறப்பாளை இழுத்து மூடிக்கொண்டு திட்டினார்கள். ஷெரோன் புறப்படும்போது ஒருவரும் அவளோடு பேசவில்லை.

அடுத்த நாள் உசாந்தி பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாள். சாட்சிக்கு ஷெரோனைக் கூப்பிட்டார்கள். அவளுடைய தாய் றோசம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சொந்த அண்ணனுக்கு எதிராச் சொல்லப் போறியா? போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வராத.”

“அண்டைக்கு உங்கட சொல்லக் கேட்டன் அம்மா. அது பெரிய பிழை.”

தாயின் கையை விலக்கிவிட்டு ஷெரோன் போனாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். தனக்குத் தெரிந்தும் மறைத்ததையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் தலையை நிமிர்த்தி, அதையும் எழுதவா என்று கேட்டார். எழுதச் சொன்னாள்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் உசாந்தி நின்றாள்.

“நான் உங்கள மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதீங்க.”

“நினைக்கல்ல.”

“கோட்டுக்கு வருவீங்களா?”

“வருவன்.”

வழக்கு இன்னும் முடியவில்லை. பிறின்ஸ் பிணையில் வந்து கடையை வேறு பெயரில் திறந்திருக்கிறான். றோசம்மா அவனோடு இருக்கிறாள். மகள் போனில் அழைத்தால் பேசுவதில்லை. ஷெரோன் களுவாஞ்சிக்குடியில் தன் சிறிய கடையறையிலேயே படுத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கடையைப் பூட்டிவிட்டு நீதிமன்றத்துக்குப் போகிறாள். உசாந்தி முன்வரிசை வாங்கில் தகப்பனோடு உட்கார்ந்திருப்பாள். ஷெரோன் வந்துவிட்டாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொள்வாள்.